“நமக்குள்ளேயே விசாரிச்சுக்கலாம்”: குழந்தைகளோடு வேலை செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு ஒன்பதரை மணி இருக்கும். மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் நண்பர் போன் செய்தார். “ஏழாவது படிக்கிற பையன் ஒருத்தன் நம்ம தன்னார்வலர் ஒருத்தரைப் பத்தி ஒண்ணு சொல்றான். நாளைக்குக் கமிட்டியைக் கூட்டி, பையனையும் அவரையும் எதிரெதிரா உக்கார வச்சு விசாரிச்சிடலாம்னு இருக்கோம். உண்மைன்னு தெரிஞ்சா போலீஸுக்குப் போயிடுவோம். சரிதானே அண்ணே?”

நண்பர் நல்ல மனிதர். அந்தப் பையன்மேல் உண்மையான அக்கறை உள்ளவர். ஆனால் அவர் செய்யவிருந்தது, அமைப்புகள் செய்யும் தவறுகளிலேயே பெரியது. பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தாலும், காவல் நிலையத்திலோ சிறப்பு சிறார் காவல் பிரிவிலோ தெரிவித்தாக வேண்டும் என்கிறது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க வந்த 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆவது பிரிவு. உண்மையா பொய்யா என்று கண்டறிவது நம் வேலையே இல்லை. தெரிவிக்காமல் இருந்தால் 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளரே மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. “பின்னாடி பொய்யுன்னு ஆயிட்டா?” என்று பலர் பயப்படுகிறார்கள். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் வழக்குப் போட முடியாது என்று அதே 19ஆவது பிரிவு சொல்கிறது.

மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு பள்ளி விடுதி மாணவிகள் பாதிக்கப்பட்டார்கள். தெரிந்தும் தகவல் கொடுக்கவில்லை என்று, சிகிச்சை அளித்த மருத்துவர்மீது வழக்குப் பதிவானது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்றது. சிகிச்சை பார்த்தவருக்கே அப்படியென்றால், விடுதியையோ மையத்தையோ நடத்துபவர் எங்கே நிற்பார்?

சட்டத்தை விடுங்கள், பிள்ளையை நினைத்துப் பாருங்கள். முதலில் ஆசிரியரிடம் சொல்கிறான். பிறகு பொறுப்பாளரிடம், கமிட்டியில் நாலு பெரியவர்கள் முன்னால், வீட்டில், கடைசியில் போலீஸிடம். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் காயத்தைக் கீறிவிடுகிறோம். பயத்தில் ஒரு நாள் முன்னே பின்னே சொல்லிவிடுவான். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். இதற்கிடையே விஷயம் தெரிந்த நபர் போனில் இருப்பதை அழித்துவிடுவார், பிள்ளையின் வீட்டுக்கு ஆள் அனுப்புவார். இவ்வளவுக்கும் வழிவிடுவது அந்த ஒரு நாள் ‘விசாரணை’தான்.

அப்படியானால் பிள்ளை வந்து சொல்லும்போது என்ன செய்வது? காது கொடுத்துக் கேளுங்கள். “உன்னை அங்க தொட்டாரா?” என்று நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளை பயன்படுத்திய சொற்களிலேயே, தேதியும் நேரமும் போட்டு அன்றே எழுதி வையுங்கள். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. அதற்குப் பதில், “நீ சொன்னது நல்லதாப் போச்சு. இதுல உன் தப்பு எதுவும் இல்ல. உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்” என்று சொல்லுங்கள்.

பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டுமே என்ற தயக்கமும் வேண்டாம். வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்கலாம். கூடியவரை எஸ்.ஐ. தகுதிக்குக் குறையாத பெண் காவலரே, சீருடை அணியாமல் வர வேண்டும். பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும். போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் தர வேண்டும். எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு அழையுங்கள்.

அன்றிரவு நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். கமிட்டி கூடவில்லை. அவரும் பையனின் அம்மாவும் மறுநாள் காலை காவல் நிலையத்துக்குப் போனார்கள்.

அடுத்த தவறு ஆள் எடுப்பதில். “தெரிஞ்ச பையன்தான் சார், ரொம்ப சேவை மனப்பான்மை” என்று யாராவது சொன்னதும் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். பிள்ளைகளோடு தொடர்ந்து புழங்கும் பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சி மையம் எல்லாமே ஊழியர்களின் பின்னணியைக் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் சொல்கின்றன. ஆசிரியரோ வாட்ச்மேனோ, நிரந்தரமோ ஒப்பந்தமோ, வித்தியாசம் கிடையாது. ஒரு தடவை பார்த்தால் போதாது, அவ்வப்போது பார்க்க வேண்டும். தன்னார்வலர்களுக்கும் அதே அளவுகோலை வையுங்கள் என்பேன். ஆனால் அந்தச் சான்றிதழ், பதிவான வழக்கைத்தான் காட்டும். போலீஸ் வரை போகாமல் ‘பேசி முடித்த’ கதைகளைக் காட்டாது. அதனால் முன்பு வேலை பார்த்த இடத்துக்கு நீங்களே போன் போடுங்கள். “ஆள் எப்படி?” என்று கேட்டால் எல்லாரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். “உங்க பிள்ளைங்களோட திரும்பவும் அவரை வேலை செய்ய விடுவீங்களா?” என்று கேளுங்கள். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் கவனியுங்கள்.

ஆம்பளைப் பசங்களுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைப்பதும் பரவலான தவறு. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2007இல் வந்தது. பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானவர்கள் பையன்கள். போக்சோவும் 18 வயதுக்குட்பட்ட எல்லாருக்கும் பொது. மாணவிகள் விடுதிக்கு ஆயிரம் கட்டுப்பாடு வைத்துவிட்டு, மாணவர் விடுதியில் வார்டன் அறைக்கு ராத்திரியில் பையன்கள் கால் அமுக்கப் போவதை யாரும் கேட்காமல் விடுவது எனக்குத் தாங்க முடியாத ஒன்று.

புகார்ப் பெட்டி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நீல நிறத் தகரப் பெட்டி வாங்கி, தலைமைப் பொறுப்பாளர் அறை வாசலில் ஆணியடித்து மாட்டினோம். பூட்டின் சாவி அவரிடமே. ஒரு வருஷம் கழித்துத் திறந்தால் இரண்டு சாக்லேட் தாளும் செத்த பல்லியும் இருந்தன. பிள்ளைகளுக்குக் குறையே இல்லை என்று சந்தோஷப்பட்டோம். அப்புறம் நாலாவது படிக்கும் ஒரு பெண் சொன்னாள்: “அதுல போட கை எட்டாதுண்ணே. ஸ்டூல் போட்டு ஏறினா, சார் ஜன்னல் வழியாப் பாப்பாரு.” நாங்கள் யாரும் அவள் உயரத்தில் நின்று அந்தப் பெட்டியைப் பார்க்கவில்லை. பெட்டியை நூலகத்து மூலையில், அவள் தோள் உயரத்துக்கு மாற்றினோம். சாவியை மையத்தில் சம்பளம் வாங்காத இரண்டு பேரிடம் கொடுத்து, வாரா வாரம் சேர்ந்தே திறக்கச் சொன்னோம். எழுத வராத பிள்ளைகள் படம் வரைந்து போடலாம் என்றோம். முதல் மாதமே கழிவறைத் தாழ்ப்பாள் உடைந்திருப்பதைப் பற்றி ஆறு சீட்டு வந்தது.

போட்டோ விஷயத்திலும் கை கூசாமல் தவறு செய்கிறோம். நன்கொடையாளர் வந்தால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பெயர், பள்ளி, ‘தந்தையை இழந்தவர்’ என்பது வரை போட்டு ஃபேஸ்புக்கில் ஏற்றுகிறோம். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் 2015, 74ஆவது பிரிவு தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். தன்னார்வலர்கள் தங்கள் சொந்த எண்ணிலிருந்து பிள்ளைகளுக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்புவதையும் நிறுத்துங்கள். பெற்றோரும் இன்னொரு ஊழியரும் இருக்கும் குழுவில் பேசட்டும்.

கடைசியாக, புகார் கொடுத்த பிறகு நடப்பது. “சூடு ஆறும் வரைக்கும் பையன் வீட்டுலயே இருக்கட்டும்” என்பார்கள். வெளியே நிற்க வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர்; முடிவு தெரியும் வரை பிள்ளைகள் இருக்கும் பக்கமே அவர் வரக் கூடாது. பையனை நிறுத்தினால், சொன்னதற்குத் தண்டனை கிடைத்தது என்று மற்ற எல்லாப் பிள்ளைகளும் புரிந்துகொள்வார்கள். நண்பரின் மையத்தில் அந்தப் பையன் வியாழக்கிழமை வந்தான். எப்போதும் உட்காரும் ஜன்னலோரப் பாயிலேயே உட்கார்ந்தான். யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று ஆசிரியர்களிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். அன்றைக்குப் பின்னக் கணக்கு நடந்தது.