வீட்டுத் தோட்டத்தில் தர்பூசணி, முலாம்பழம்: நம்ம கொங்குப் பக்கத்து மண்ணுக்கும் தண்ணிக்கும்

தர்பூசணிக் கொடி வளர்ப்பதில் பெரிய சிரமம் இல்லை. விதை போட்டால் முளைக்கும், தண்ணீர் விட்டால் படரும். அதிலிருந்து நல்ல பழம் எடுப்பதுதான் வேலை. "கொடி நல்லா போகுதுங்க, பூவும் நெறைய பூக்குதுங்க, காய்தான் நிக்க மாட்டீங்குது, என்ன உரம் போடட்டுமுங்க?" என்று கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். உரத்தால் இது தீராது. காய் நிற்பதைக் காலை நேர மகரந்தச் சேர்க்கை முடிவு செய்கிறது. பழத்தின் இனிப்பைப் பறிக்கிற நாள் முடிவு செய்கிறது. இந்த இரண்டையும் விரிவாகச் சொல்கிறேன். மற்றதெல்லாம் சுருக்கமாகத்தான் வரும்.

எப்போது விதைப்பது

தை பிறந்ததும் விதையுங்கள். மார்கழிக் குளிரில் போட்டால் விதை முளைக்க நாளாகும், சில சமயம் மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். தை முதல் வாரம் போட்டால் பங்குனிக் கடைசி, சித்திரைத் தொடக்கத்தில் பழம் கைக்கு வரும். மாரியம்மன் நோம்பிக்கு வரும் ஒரம்பரைக்கு அறுத்துக் கொடுக்கச் சரியாக இருக்கும். அதற்கு மேல் தள்ளினால் கோடை மழை குறுக்கே வரும். பழுக்கும் நேரத்தில் ஒரு நல்ல மழை அடித்தால் இனிப்பு குறையும், பழம் வெடிக்கும். ஆடிப்பட்டத்தில் இதைத் தொட வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரைக்கும் கொடியைப் புரட்டிப் போட்டுவிடும்.

ரகம்

வீட்டுக்குச் சிறிய பழ ரகம்தான் வேண்டும். தர்பூசணியில் என் முதல் தேர்வு சுகர் பேபி. கரும்பச்சைத் தோல், உருண்டைப் பழம், 3 முதல் 5 கிலோ வரும், ஏறக்குறைய 80 நாளில் முடிந்துவிடும். இடம் ரொம்பக் குறைவு என்றால் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா முத்து நல்லது, கொடி நீளம் குறைவு. அதே நிறுவனத்தின் அர்க்கா மாணிக் சாம்பல் நோயைத் தாங்கும், ஆனால் பழம் பெரிது. வயல்காட்டில் போடலாம், மாடிக்கு வேண்டாம். முலாம்பழத்தில் மாடியில் வைக்கும் வளர்ப்புப் பைக்கு அர்க்கா ஜீத், தரைக்கு ஹரா மது. விதை இல்லாத தர்பூசணி விதை ஆன்லைனில் விற்கிறார்கள். அதற்கு மகரந்தம் கொடுக்க விதையுள்ள வேறு ரகம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தே ஆக வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் அதன் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

மண்ணும் தண்ணீரும்

செம்மண்ணாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. கரிசல் என்றால் ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள், வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, பாதிக்குப் பாதி மக்கிய எருவும் மேல்மண்ணும், கூட 2 கை வேப்பம் புண்ணாக்கும் கலந்து மூடுங்கள். குழிக்குக் குழி 3 அடி. கொடி ஓட ஒரு பக்கம் 8 அடி விடுங்கள். நாமக்கல், பல்லடம் பக்கம் கோழி எரு மலிவாகக் கிடைக்கிறது என்று பச்சையாக அள்ளிப் போட்டுவிடாதீர்கள். சூட்டில் நாற்று கருகும். பிழைத்தாலும் இலை செழித்துப் பூ குறையும்.

பையில் வைப்பவர்கள் இரண்டடி அகலப் பை எடுங்கள், ஒரு பைக்கு ஒரு செடி. தென்னை நார்க்கழிவு கலப்பதானால் அலசிய தண்ணீர் தெளிவாகும் வரை கழுவுங்கள், அதில் உப்பு இருக்கும். தண்ணீர் விஷயத்தில்தான் நம் ஊரில் கவனம் வேண்டும். சிறுவாணி, பவானித் தண்ணீர் வரும் வீட்டுக்குக் கவலையில்லை. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் பையில் உப்பு சேர்ந்துகொண்டே போய் இலை ஓரம் தீய்ந்துவிடும். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரை அடியில் வழிந்தோடும் அளவுக்கு விட்டால் அந்த உப்பு இறங்கும். ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதில் உப்பு இன்னும் கூடுதல். பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், முலாம்பழத்துக்கு ஊற்றாதீர்கள்.

விதைப்பு

குழிக்கு 4 விதை, ஓரங்குல ஆழம். முளைத்து 3 இலை வந்ததும் திடமான இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் ஆடும். பைக்கு 2 விதை போட்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். நாட்டு விதையை இரவு முழுக்க ஊற வைக்கலாம். பாக்கெட்டில் சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசிய விதை வந்தால் அது பூஞ்சை மருந்து. ஊற வைக்காமல் அப்படியே போட்டுக் கையைக் கழுவுங்கள். குழித்தட்டில் நாற்று விடுவதைவிட நேரடி விதைப்புதான் எனக்குப் பிடிக்கும். இந்தக் குடும்பத்துச் செடிகளுக்கு வேர் அசைந்தால் ஆகாது.

முதல் 2 வாரம் சிவப்புப் பூசணி வண்டு வரும். விதையிலைகளைச் சல்லடையாக்கும். விடியற்காலை பனி ஈரத்தோடு அடுப்புச் சாம்பலை மெல்லத் தூவுங்கள், அப்போது வண்டு சோம்பி இருக்கும், கையாலும் பிடித்துவிடலாம். கந்தகத் தூள் தூவச் சொன்னால் கேட்காதீர்கள், பூசணிக் குடும்பத்து இலை அதைத் தாங்காது.

கொடி ஓட ஆரம்பித்ததும் மூடாக்குப் போடுங்கள். கோபி, சத்திப் பக்கம் கரும்புச் சோகை, காங்கேயம் பக்கம் சோளத்தட்டு, எது கையருகே இருக்கிறதோ அது. பிளாஸ்டிக் விரிப்பு மாடியில் வேண்டாம், ஏற்கெனவே தளம் கொதிக்கிறது. 15 நாளுக்கு ஒரு முறை 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மி.லி. பஞ்சகவ்யம் வடிகட்டித் தெளித்தால் போதும். பஞ்சகவ்யத்தை ஊரெங்கும் கொண்டு சேர்த்தவர் நம் கொடுமுடி மருத்துவர் நடராஜன். வேறு சத்து டானிக் எதற்கும் நான் காசு செலவழிப்பதில்லை.

முலாம்பழத்துக்கு மட்டும் ஒரு வேலை: தாய்க்கொடியில் 5 இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். காய்க்கும் பூ பக்கக்கொடிகளில்தான் வரும். தர்பூசணியைக் கிள்ள வேண்டாம்.

பூவைச் சேர்க்கும் காலை

இங்கே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

தர்பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருவதெல்லாம் ஆண் பூக்கள், வந்து உதிரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு வாரம் கழித்துப் பெண் பூக்கள் வரத் தொடங்கும். மஞ்சள் இதழுக்குக் கீழே, கோலிக்குண்டைவிடச் சின்னதாக, பூனை ரோமம் போர்த்திய ஒரு பிஞ்சு இருந்தால் அதுதான் பெண் பூ. ஆண் பூவுக்குக் கீழே வெறும் காம்புதான்.

பூ விரிவது ஒரே ஒரு காலை. சூரியன் வந்ததும் விரியும், மதியத்துக்குள் சுருங்கிவிடும், மறுநாள் விரியாது. அந்தச் சில மணி நேரத்தில் தேனீ பல தடவை வந்து போக வேண்டும். ஒரு தடவை வந்தால் போதாது, பெண் பூவின் நடுவில் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூலகமுடி முழுக்க மகரந்தம் நிறைய விழ வேண்டும். பக்கத்தில் முருங்கையோ துளசியோ இருந்து, கொசுத்தேனீயோ கொம்புத்தேனீயோ வந்து போகிற தோட்டமானால் நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நகரத்தில் மூன்றாம் மாடிக்கு அவை வருவதில்லை. அதனால்தான் காய் நிற்பதில்லை.

சரி, கையால் சேர்ப்பது எப்படி? காலை 6.30 முதல் 8.30 மணிக்குள் போங்கள். அன்றைக்கு விரிந்த ஆண் பூவைக் காம்போடு பறியுங்கள். நடுவில் இருப்பதை விரல் நுனியால் தொட்டால் மஞ்சள் தூள் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் இன்னும் அரை மணி பொறுங்கள். இதழ்களைப் பின்னால் மடக்கிக் கிழித்துவிட்டு, மகரந்தம் உள்ள நடுப்பகுதியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாக உருட்டித் தேயுங்கள். பெண் பூவின் சூலகமுடி மூன்று மடலாக இருக்கும். மூன்றிலும் மஞ்சள் படிய வேண்டும். ஒரு மடல் விட்டுப்போனால் காய் அந்தப் பக்கம் சூம்பிக் கோணலாக வளரும். ஒரு பெண் பூவுக்கு 2, 3 ஆண் பூ பயன்படுத்துங்கள். பெயின்ட் பிரஷ், பஞ்சுக்குச்சி என்று சொல்வார்கள். மகரந்தத்தில் பாதி பிரஷிலேயே தங்கிவிடும், பூவை நேராக வைத்துத் தேய்ப்பதற்கு ஈடில்லை.

காலையில் மேலே தண்ணீர் தெளிப்பவர்கள் அந்தப் பழக்கத்தைப் பூக்கும் காலம் மட்டும் நிறுத்துங்கள். ஈரம் பட்ட மகரந்தம் வேலை செய்யாது. தண்ணீரை வேரில் மட்டும், அதுவும் சாயங்காலம் விடுங்கள்.

சேர்த்த உடனே அந்தப் பூவின் காம்புக்குப் பக்கத்தில் ஒரு துணித்துண்டைத் தளர்வாகக் கட்டி, தேதியைக் காலண்டரில் குறியுங்கள். திருப்பூர்ப் பக்கம் கிடைக்கும் பனியன் கட்டிங் வேஸ்ட் இதற்கென்றே செய்தது போல இருக்கும். இழுபடும், கொடியை அறுக்காது, நிறம் நிறமாகக் கிடைக்கும். வாரத்துக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டால் எந்தக் காய்க்கு எத்தனை நாள் வயது என்று பார்த்தவுடன் தெரியும். பறிக்கும்போது இந்தத் தேதிதான் கைகொடுக்கும்.

சேர்ந்ததா இல்லையா என்பது 3, 4 நாளில் தெரியும். சேர்ந்த பிஞ்சு காம்பை வளைத்துக் கீழே குனியும், பருக்கும். சேராதது மஞ்சளாகி உதிரும். வேர்ப்பக்கத்தில் வரும் முதல் பெண் பூவை நான் வைத்துக்கொள்வதில்லை, அதில் வரும் பழம் சிறுத்துப் போகும். அடுத்ததும் அதற்கடுத்ததும்தான் நல்ல பழம். தரையில் ஒரு கொடிக்கு 2 காய், பையில் ஒன்று, மீதியைக் கிள்ளிவிடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் நான்கு சப்பைப் பழத்துக்கு ஒரு தித்திப்புப் பழம் மேல்.

முலாம்பழத்தில் காய்க்கும் பூவுக்குள்ளேயே மகரந்தமும் இருக்கும் என்பதால் இவ்வளவு பாடு இல்லை. காய் நிற்காவிட்டால் மட்டும் இதே முறையைச் செய்யுங்கள். பெண் பூ அதிகமாக வர எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிக்கும் பரிந்துரை வேளாண் பல்கலைக்கழகத்தில் உண்டு. அது ஏக்கர் கணக்கில் போடுபவர்களுக்கு. இரண்டு கொடிக்கு அது தேவையில்லை.

காயைக் காப்பது

காய் எலுமிச்சை அளவு வந்ததும் பழ ஈ தேடி வரும். தோலில் துளையிட்டு முட்டை வைக்கும், உள்ளே புழு நெளியும். அந்த அளவிலேயே பழைய வேட்டித் துணியில் தைத்த பையை மாட்டி வாயைக் கட்டிவிடுங்கள். ஈயை வாசனையால் இழுக்கும் கியூ லூர் பொறி ஒன்றும் தொங்கவிடலாம், ஆனால் அது ஆண் ஈயை மட்டும்தான் பிடிக்கும். பையைத்தான் நம்ப வேண்டும். குத்துப்பட்ட காயைத் தோட்டத்தில் போடாமல் ஆழமாகப் புதையுங்கள்.

காய்க்கு அடியில் சோகை மெத்தை வையுங்கள். பந்தலில் ஏற்றியவர்கள் வெங்காயச் சாக்கு வலையில் காயை உட்காரவைத்து, பாரத்தைப் பந்தல் கம்பியில் கட்டுங்கள், கொடியில் அல்ல. மயில் வரும் தோட்டமானால் காய் மேல் தென்னந்தடுக்கை நன்றாகக் கட்டுங்கள். மயிலுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி முழுப் பாதுகாப்பு உண்டு, மூடி வைப்பது ஒன்றுதான் வழி. தடுக்கு, உச்சி வெயிலில் தோல் வெந்துபோகாமலும் காக்கும்.

பறிக்கும் நாள்

தர்பூசணி பறித்த பிறகு பழுக்காது. மாம்பழம் மாதிரி வைக்கோலில் வைத்துக் காத்திருந்தால் பயனில்லை. அன்றைக்கு என்ன இனிப்போ அதுதான்.

கட்டிய துணியைப் பாருங்கள். சுகர் பேபிக்கு நம் வெயிலில் பூச்சேர்ந்து 30 முதல் 35 நாள். 28ஆம் நாளிலிருந்து தினமும் கவனியுங்கள். காயின் காம்பு கொடியில் சேரும் அதே கணுவில், கொடி பற்றிப் படர விடும் சுருள் கம்பி ஒன்று இருக்கும். அது நுனியில் மட்டும் காய்ந்திருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. அடி வரை பழுப்பாகக் காய்ந்து நொறுங்க வேண்டும். அப்புறம் காயை மெல்லப் புரட்டி, தரையில் பட்ட இடத்தைப் பாருங்கள். வெள்ளை என்றால் காய், வெண்ணெய் மஞ்சள் என்றால் பழம். தேதி, கம்பி, மஞ்சள் மூன்றும் ஒத்துப்போனால் பறிக்கலாம். தட்டிப் பார்த்துச் சொல்வது பழக்கத்தில் வருவது, முதல் வருடம் அதை நம்ப வேண்டாம். பந்தலில் தொங்கும் காய்க்குத் தரைத்தழும்பு இருக்காது, தேதியும் கம்பியும் மட்டும்தான்.

பறிப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரைக் குறையுங்கள், இலை வாடாத அளவுக்கு மட்டும் விடுங்கள். இனிப்பு ஏறும்.

முலாம்பழம் தானே சொல்லும். காம்பு சேரும் இடத்தில் வட்டமாக வெடிப்பு விடும், மணம் வரும், கட்டைவிரலால் லேசாகத் தள்ளினால் கையில் வந்துவிடும். இழுக்க வேண்டியிருந்தால் நாளைக்கு வாருங்கள்.

சாப்பிட

தர்பூசணிக்கு மிளகுத்தூளும் கல் உப்பும். தோலின் பச்சையைச் சீவிவிட்டு வெள்ளைப் பகுதியைப் பொடியாக நறுக்கினால் பாசிப்பருப்புக் கூட்டுக்குச் சுரைக்காயைவிட நன்றாக இருக்கும். முலாம்பழத்தில் விதையைச் சுற்றியிருக்கும் நாரை வழித்து எறிந்துவிடாதீர்கள். வடிகட்டினால் நல்ல சாறு, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும் ஏலக்காயும் போட்டுக் குடிக்கலாம். பால் சேர்த்து அடித்தால் உடனே குடித்துவிடுங்கள், வைத்திருந்தால் கசக்கும்.

பின்சேர்க்கை

படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்கள் கேட்டவை.

"காய் வெடிச்சுப் போச்சுங்க": நான்கு நாள் காயவிட்டு ஒரே நாளில் நிறைய ஊற்றினால் வெடிக்கும். காயின் பூநுனி கறுத்து அழுகுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். காய்க்குச் சுண்ணாம்புச் சத்து எட்டாததால் வரும் அழுகல் அது. நம் மண்ணில் சுண்ணாம்பு பொதுவாகவே உண்டு, தண்ணீர் சீராக இருந்தால் செடி அதை எடுத்துக்கொள்ளும். முட்டை ஓடு போட்டு இந்த வருடப் பழத்தைக் காப்பாற்ற முடியாது.

"வெள்ளரி பக்கத்துல வெச்சதால முலாம்பழம் சப்புன்னு போச்சுங்களா?": இல்லை. வெள்ளரிக்காயோடு முலாம்பழம் கலக்காது. வெடித்து மாவாகப் பிளக்கும் வெள்ளரிப்பழம் முலாம்பழத்தின் இனமே, அதனோடு கலக்கும். ஆனால் அந்தக் கலப்பு விதைக்குள்தான் போகும், இந்த வருடப் பழத்தின் ருசி மாறாது. சப்பென்று இருந்தால் முன்கூட்டிப் பறித்ததோ கடைசி வாரத் தண்ணீரோ காரணம்.

விதை எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். வீரிய ஒட்டு (ஹைபிரிட்) ரகத்தில் வேண்டாம். சுகர் பேபி, ஹரா மது போன்றவற்றில் எடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு: தர்பூசணியானால் மறுநாள் விரியப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முந்தின சாயங்காலமே நூலால் கட்டி மூடுங்கள், காலையில் கையால் சேர்த்துவிட்டு, பெண் பூவைத் திரும்பக் கட்டிவிடுங்கள். நன்றாகப் பழுத்த பழத்தின் விதையை அலசி, ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து பாட்டிலில் போட்டு, ரகமும் ஆண்டும் எழுதி ஒட்டுங்கள். ஈரம் படாமல் இருந்தால் 3 ஆண்டு வரை தாராளமாக முளைக்கும்.