அயனிக் கற்றையை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் இயற்பியல் படித்துவிட்டு பிளாஸ்மா உந்துபொறி (அயனிகளை வேகமாக வெளித்தள்ளி விண்கலத்தை நகர்த்தும் பொறி) ஆய்வுக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2025 மார்ச்சில் இஸ்ரோ தன் 300 மில்லிநியூட்டன் பிளாஸ்மா உந்துபொறியின் 1000 மணி நேரச் சோதனையை முடித்தது. சரியாக அளக்கத் தெரிந்தவர்கள் இனி நிறையத் தேவைப்படுவார்கள்.

முதல் கருவி ஃபாரடே ப்ரோப். அயனிகள் வந்து விழும் சின்ன உலோகத் தட்டு, அவ்வளவுதான். எலக்ட்ரான்களை விரட்ட மைனஸ் 20, 30 வோல்ட் கொடுப்பது வழக்கம். அந்த எண்ணை மனப்பாடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வோல்டேஜை மாற்றிக்கொண்டே போய், மின்னோட்டம் மாறாமல் நிற்கும் இடத்தைப் பிடியுங்கள். தட்டைச் சுற்றியுள்ள காப்பு வளையமான கார்டு ரிங்குக்கும் அதே வோல்டேஜ் வேண்டும்.

எனக்குப் பெரிதாகப் படும் தவறு வேறு. வெற்றிட அறையில் மிச்சமிருக்கும் செனான் (உந்துபொறிக்கு ஊட்டும் வாயு) அணுவிடமிருந்து வேகமான அயனி ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். வேகமானது நடுநிலை அணுவாகி ப்ரோபுக்குத் தெரியாமல் போய்விடும். மெதுவானது அயனியாகி ஓரங்களுக்குச் சிதறும். மொத்த மின்னோட்டத்தைக் கணக்கிட, கற்றையின் நடு அச்சிலிருந்து விலகும் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்குகிறோம் அல்லவா? 60 டிகிரியில் அது 5 டிகிரியில் இருப்பதைப்போல் சுமார் 10 மடங்கு. ஓரத்தில் புகுந்த சின்னப் பிழை மொத்தக் கணக்கையே ஊதிவிடும். ஹால் உந்துபொறியில் (பிளாஸ்மா உந்துபொறியின் ஒரு வகை) கற்றை மின்னோட்டம், பொறிக்கு நாம் கொடுக்கும் டிஸ்சார்ஜ் மின்னோட்டத்தைத் தாண்டினால் கணக்கு தப்பு, சந்தேகமே வேண்டாம். மூன்று நான்கு அழுத்தங்களில் அளந்து, பூஜ்ய அழுத்தம்வரை கோட்டை நீட்டிப் பாருங்கள்.

அந்த அழுத்தத்தையும் சரியாகப் படிக்க வேண்டும். அறையின் அழுத்தத்தைக் காட்டும் அயனி கேஜ் பொதுவாக நைட்ரஜனுக்கு அளவீடு செய்யப்பட்டிருக்கும், செனானுக்கு அது காட்டும் எண்ணை 2.87ஆல் வகுக்க வேண்டும். நம் கடற்கரை ஈரத்தில் அறையைத் திறந்துபோட்டால் சுவரில் நீராவி ஒட்டிக்கொண்டு லேசில் போகாது. உலர் நைட்ரஜன் நிரப்பித் திறங்கள், வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.

அப்புறம் ஆற்றல். எதிர் மின்னழுத்தத்தால் அயனிகளைத் தடுத்து அவற்றின் ஆற்றலை அளக்கும் தடுப்பு மின்னழுத்த அனலைசர், நிலத்தை (எர்த்) அடிப்படையாக வைத்து அளக்கும். ப்ரோப் இருக்கும் இடத்துப் பிளாஸ்மா மின்னழுத்தத்தைக் கழிக்காவிட்டால் அயனி வேகம் கூடுதலாக வரும். ஒற்றை மின்சுமை அயனியையும் இரட்டை மின்சுமை அயனியையும் இந்த அனலைசரால் பிரிக்க முடியாது. அதற்கு, மின்புலமும் காந்தப்புலமும் சேர்த்து வேகத்தை வைத்து அயனிகளைப் பிரிக்கும் வீன் ஃபில்டர் வேண்டும். இரட்டை அயனி ஒரே மின்னழுத்தத்தில் 1.41 மடங்கு வேகம் எடுத்தாலும், ஆம்பியருக்குத் தரும் உந்துவிசை ஒற்றை அயனி தருவதில் 0.71 பங்குதான். எல்லாவற்றையும் ஒற்றை என்று எண்ணிக் கணக்கிட்ட உந்துவிசை, உந்துவிசையை நேரடியாக அளக்கும் தராசு காட்டுவதைவிடக் கூடுதலாகவே நிற்கும்.