லாக் நெஸ் படத்தை நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி?

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் உள்ள லாக் நெஸ் ஏரியில் நீண்ட கழுத்துடைய பிராணி ஒன்று வாழ்கிறது என்ற பேச்சு 1933இல் பத்திரிகைகளில் சூடுபிடித்தது. அதற்குச் சாட்சியாக இன்றுவரை காட்டப்படுபவை பெரும்பாலும் போட்டோக்கள்தான். படத்தைப் பார்த்தவுடன் "இது என்ன பிராணி?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள் என்பதே இந்தச் செய்முறையின் சாரம். படத்தில் எதை வெட்டியிருக்கிறார்கள், பொருளின் அளவு என்ன, யார் கையிலிருந்து வந்தது என்று பார்த்து முடிப்பதற்குள் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

போனும் இணையமும் போதும். பயிற்சிக்கு, 1934 ஏப்ரல் 21 அன்று பிரிட்டனின் டெய்லி மெயில் வெளியிட்ட படத்தை எடுத்துக்கொள்வோம். நீரிலிருந்து கழுத்தும் சிறு தலையும் எழும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். லண்டன் மருத்துவர் ராபர்ட் கென்னத் வில்சன் எடுத்ததாகச் சொல்லப்பட்டதால் அதை 'டாக்டர் படம்' என்றே அழைப்போம்.

படி 1: வெட்டாத படத்தைத் தேடுங்கள்

படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸ், டின்ஐ (TinEye) போன்ற கருவிகளில் போட்டுத் தேடினால் அதே படத்தின் பல வடிவங்கள் வரும். அவற்றில் ஓரங்கள் அதிகம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். டாக்டர் படத்துக்கு இந்த ஒரு படியே பாதி வேலையை முடித்துவிடுகிறது. நாம் வழக்கமாகப் பார்ப்பது நெருக்கமாக வெட்டிய வடிவம். அதில் 'பிராணி' சட்டம் முழுவதையும் நிறைத்து நிற்கும். முழுப் படத்திலோ எதிர்க்கரை தெரிகிறது, நடுவில் பரந்த நீர்ப்பரப்பு, அதில் சின்னதாக ஒரு உருவம். இரண்டையும் அருகருகே வைத்து ஒரு நிமிடம் பாருங்கள்.

படி 2: அளவைப் பிடியுங்கள்

வெறும் நீர்ப்பரப்பில் அளவை ஊகிக்கக் கண்ணுக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. படகு, பறவை, மிதவை என்று அளவு தெரிந்த ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அலைகளைக் கவனியுங்கள். டாக்டர் படத்தில் உருவத்தைச் சுற்றியிருப்பவை சிற்றலைகள். பெரிய உடல் நீரைக் கிழித்து வந்த அடையாளம் இல்லை. சந்தேகம் வருவதற்கு இதுவே போதுமான காரணம்.

படி 3: கைமாறிய கதையைக் கேளுங்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். 1933 டிசம்பரில் டெய்லி மெயில், மார்மடியூக் வெதரல் என்ற வேட்டைக்காரரை ஏரிக்கு அனுப்பியது. கரையில் பெரிய காலடித் தடங்களைக் கண்டதாக அவர் சொன்னார். இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சோதித்தபோது, அவை பதப்படுத்திய நீர்யானைக் காலால் பதித்தவை என்று தெரிந்தது. ஊரே கேலி செய்தது. சில மாதங்களிலேயே டாக்டர் படம் வந்தது.

வெதரலின் மனைவியின் மகன் கிறிஸ்டியன் ஸ்பர்லிங், பல பத்தாண்டுகள் கழித்து உண்மையைச் சொன்னார். டாக்டர் படத்துக்காக வெதரல் தரப்பினர், பொம்மை நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் மேல், தச்சர்கள் விரிசல் அடைக்கும் பட்டியைக் கொண்டு கழுத்தும் தலையும் செய்திருக்கிறார்கள். மதிப்புள்ள டாக்டர் ஒருவரின் பெயரோடு வந்ததால் ஊர் நம்பிவிட்டது. விவரம் முழுவதும் வெளிவந்தது 1994இல், அதாவது 60 ஆண்டுகளுக்குப் பிறகு.

ஆகவே எந்தப் படத்துக்கும் இவற்றை எழுதிவையுங்கள்: எடுத்தவர் யார், முதலில் யாரிடம் கொடுத்தார், அதே நேரத்தில் எடுத்த மற்ற படங்கள் எங்கே?

படி 4: படத்தில் கைவைத்திருக்கிறார்களா?

கேமரா படக் கோப்பிலேயே பதித்துவைக்கும் எக்சிஃப் (EXIF) விவரங்களில் தேதியும் கேமராவின் பெயரும் இருக்கும். வாட்ஸப்பில் போட்டோவாக வந்த படத்தில் அவை அழிந்துபோயிருக்கும். அசல் கோப்பைக் கேளுங்கள். ஆனால் இதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். டாக்டர் படத்தில் ஒட்டுவேலை எதுவும் தேவைப்படவில்லை. கேமரா முன்னால் இருந்த பொருளே போலி.

படி 5: சாதாரணக் காரணங்களை வரிசையாகப் போடுங்கள்

படகு போன தடம், மரக்கட்டை, வாத்துக் கூட்டம், நீந்தும் மான், நீர்நாய். லாக் நெஸ்ஸில் முதலிடம் படகுத் தடத்துக்குத்தான். ஏரி சுமார் 37 கி.மீ. நீளம், அகலமோ 1.5 கி.மீ. அளவே. கலிடோனியன் கால்வாய் வழியாக வரும் படகுகள் இதன் வழியேதான் போகின்றன. படகு கண்ணிலிருந்து மறைந்த பிறகும் அதன் அலைகள் கரையில் மோதித் திரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, கறுத்த திமில்கள் போல நகரும். 2014இல் ஆப்பிள் மேப்ஸ் செயற்கைக்கோள் படத்தில் 'தெரிந்த' உருவமும் படகுத் தடம்தான் என்றே விளக்கப்பட்டது.

இதில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பார்த்தவரைப் பொய்யர் என்று சொல்லத் தேவையில்லை. அலையைப் பார்த்து உண்மையாகவே திகைத்தவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் மரியாதையாகப் பேசினால்தான் நேரம், இடம், காற்று பற்றிய விவரமெல்லாம் கிடைக்கும்.

படி 6: படத்துக்கு வெளியே உள்ள தகவலோடு பொருத்துங்கள்

ஏரியின் அதிகபட்ச ஆழம் சுமார் 230 மீட்டர். மக்கிய தாவரத் துகள் (பீட்) கலந்த கலங்கல் நீர் என்பதால் உள்ளே எடுக்கும் படங்களும் தெளிவாக இருப்பதில்லை. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்வரை இந்த இடம் பனிக்கட்டிக்கு அடியில் இருந்தது. ஆகவே சிலர் நம்புவதுபோல, டைனோசர் காலத்துக் கடல் ஊர்வன தொடர்ந்து இங்கேயே வாழ்ந்திருக்க வழியில்லை. 2018இல் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தின் நீல் ஜெம்மல் குழு ஏரி நீரை எடுத்து டிஎன்ஏ சோதனை செய்தது. 2019இல் வந்த முடிவில் ஊர்வனவற்றின் டிஎன்ஏ இல்லை, விலாங்கு மீனின் டிஎன்ஏ ஏராளமாக இருந்தது. ஆனால் விலாங்குகள் எவ்வளவு பெரியவை என்பதை அந்தச் சோதனை சொல்லாது; அதை வைத்து 'ராட்சத விலாங்கு' என்ற முடிவுக்கும் தாவ முடியாது.

படி 7: முடிவை எழுதுங்கள்

மூன்று பிரிவு போதும்: 'விளக்கம் கிடைத்தது', 'போலி என்று உறுதியானது', 'தகவல் போதவில்லை'. மங்கலான படங்களில் பெரும்பாலானவை மூன்றாவதில்தான் சேரும். அதைப் 'பிராணியாக இருக்கலாம்' என்று மாற்றி எழுதாதீர்கள்.

சரி, அடுத்த பயிற்சி உங்களுடையது. 1933 நவம்பரில் ஹியூ கிரே எடுத்த படத்தைத் தேடி எடுங்கள். அதில் வாயில் குச்சியோடு நீந்தும் நாய் தெரிகிறது என்பவர்கள் உண்டு. அந்த விளக்கத்தையும் இதே ஏழு படிகளில் வைத்துச் சோதியுங்கள்.