அவுட்போர்டு மோட்டாருக்கு எந்த மவுண்ட் சரி?

சின்ன மீன்பிடிப் படகில் மோட்டார் மாட்டும் அமைப்பை மாற்ற நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் ஜாக் பிளேட்டைத்தான் தேடுகிறார்கள். படகுக்கும் மோட்டாருக்கும் நடுவே மாட்டி, மோட்டாரை ஏற்றி இறக்க உதவும் அமைப்பு அது. பல படகுகளுக்கு ஜாக் பிளேட் தேவையே இல்லை. சரியான உயரமும் நல்ல போல்ட்டும் போதும்.

படி 1: பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

மோட்டாரின் எடை, உந்துவிசை, அதிர்வு மூன்றையும் தாங்குவது டிரான்சம் எனப்படும் பின்பலகைதான். ஃபைபர் படகுகள் பலவற்றில் அதன் உள்ளே மரம் இருக்கும். பழைய போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் அந்த மரம் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. சுத்தியலின் கைப்பிடியால் பலகை முழுக்க மெல்லத் தட்டுங்கள். கெட்டியான ஒலி நடுவே எங்காவது மந்தமாகக் கேட்டால் அங்கே சந்தேகம். அப்புறம் மோட்டாரின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பலகையும் சேர்ந்து அசைந்தால் மவுண்ட் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டு, பலகையைச் சரிசெய்யுங்கள்.

படி 2: உயரத்தை அளங்கள்

பலகையின் மேல் விளிம்பிலிருந்து படகின் அடிவரை நடுக்கோட்டில் அளக்க வேண்டும். சுமார் 15 அங்குலம் என்றால் ஷார்ட் ஷாஃப்ட் (குட்டைத் தண்டு) மோட்டார், 20 அங்குலம் என்றால் லாங் ஷாஃப்ட் (நீளத் தண்டு) மோட்டார். மாட்டிய பிறகு, புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ, ஓர் அங்குலம் வரை மேலேயோ இருந்தால் நல்ல தொடக்கம். அதிகம் தாழ்ந்தால் இழுவை கூடி எரிபொருள் வீணாகும். அதிகம் உயர்ந்தால் புரொப்பல்லர் காற்றை இழுக்கும். இன்ஜின் கத்தும், வேகம் ஏறாது.

படி 3: இப்போது தேர்வு

உயரம் கொஞ்சம்தான் பிசகுகிறதா? பெரும்பாலான மோட்டார்களில், பலகையைப் பிடிக்கும் பிராக்கெட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் துளைகள் இருக்கும். ஒரு துளை மாற்றினாலே சரியாகிவிடலாம், செலவும் இல்லை.

ஆழம் குறைந்த நீரில் அடிக்கடி மோட்டாரை உயர்த்த வேண்டுமானால் ஜாக் பிளேட் உதவும். ஆனால் அது மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. எடை பின்னே போகப் போகப் படகின் பின்பக்கம் தாழும், பலகையின் மீதான நெம்பு விசையும் கூடும். ஏற்கெனவே பின்பக்கம் அமிழ்ந்து நிற்கும் படகுக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். ஸ்டீயரிங் கேபிளும் எரிபொருள் குழாயும் எட்டுமா என்றும் பாருங்கள்.

துணை மோட்டாருக்குத் தனி பிராக்கெட் வாங்கினால் அது தாங்கும் எடை, குதிரைத்திறன் இரண்டையும் கவனியுங்கள். அதே திறனுள்ள டூ ஸ்ட்ரோக்கைவிட ஃபோர் ஸ்ட்ரோக் பொதுவாகக் கனமானது.

படி 4: மாட்டுவது

பலகையைக் கவ்வி இறுக்கும் கிளாம்ப் திருகுகளை மட்டும் நம்பாதீர்கள், அதிர்வில் தளரும். பலகையை ஊடுருவும் 316 தர ஸ்டெயின்லெஸ் போல்ட், உட்புறம் அகலமான வாஷர் அல்லது அலுமினியத் தகடு, நைலான் பிடிப்புள்ள நட், இவை வேண்டும். துளைக்குள் படகுக்கான சீலன்ட் பூசுங்கள். சாதாரண சிலிக்கான் வேண்டாம்.

படி 5: ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டத்துக்குப் பிறகு எல்லா நட்டையும் மறுபடி முறுக்குங்கள். ஓடும்போது இன்ஜினிலிருந்து பீய்ச்சும் குளிர்விப்பு நீர் மெலிந்தால், நீர் உறிஞ்சும் துளைகள் காற்றை இழுக்கின்றனவோ என்று சந்தேகப்படுங்கள். உடனே வேகத்தைக் குறைத்து, மோட்டாரை ஒரு துளை கீழே இறக்கிப் பாருங்கள். இறக்கியும் பீய்ச்சல் சரியாகவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம், நீர் பம்ப்பையும் பார்க்க வேண்டும்.