செல்லின் வளர்சிதைமாற்றத்தைக் கணக்காகப் போட்டுப் பார்ப்பது எப்படி?

எடுத்த எடுப்பிலேயே ஈ. கோலை பாக்டீரியாவின் 2,712 வேதிவினைகள் கொண்ட ஐஎம்எல்1515 என்ற பெரிய கணினி மாடலில் கை வைக்காதீர்கள், தலை சுற்றும். அதே பாக்டீரியாவின் முக்கிய வினைகளை மட்டும் கொண்ட சின்ன 'கோர்' மாடலில் 95 வினைகள், 72 சேர்மங்கள்தான். பழக அது போதும். பைத்தானில் இந்தக் கணக்குக்கான கோப்ராபை (COBRApy) தொகுப்பை நிறுவி அந்த மாடலை ஏற்றுங்கள்.

செல்லுக்குள் ஒவ்வொரு சேர்மமும் உருவாகும் வேகமும் செலவாகும் வேகமும் சமம் என்று வைத்துக்கொள்கிறோம். சமன்பாடுகளைவிடத் தெரியாத ஃப்ளக்ஸுகள் (ஒவ்வொரு வினையும் நடக்கும் வேகம்) அதிகம் என்பதால் ஒரே விடை வராது, அதனால்தான் 'வளர்ச்சி உச்சத்தில் இருக்கட்டும்' என்று ஓர் இலக்கைக் கொடுத்து, மிச்சத்தை நேரியல் திட்டமிடல் என்ற, உச்ச மதிப்பைத் தேடும் கணித முறையிடம் விட்டுவிடுகிறோம்.

அப்புறம் எல்லைகள், அதாவது ஒவ்வொரு ஃப்ளக்ஸும் எதுவரை குறையலாம், எதுவரை கூடலாம் என்பது. சறுக்குவது இங்கேதான். உள்ளே வருவதற்கு மைனஸ் குறி: குளுக்கோஸின் கீழ் எல்லை -10 என்றால், ஒரு கிராம் உலர் செல் மணிக்கு 10 மில்லிமோல் வரை எடுக்கலாம். தவறிப்போய் +10 போட்டால், செல் குளுக்கோஸை வெளியேற்றியே ஆகவேண்டும் என்றாகி விடையே கிடைக்காது (குறியை மாற்றிப் போட்டுவிட்டு மென்பொருளைத் திட்டியவன் நான்). சரியாகப் போட்டால் வளர்ச்சி வேகம் மணிக்கு 0.874. ஆக்சிஜனின் கீழ் எல்லையை 0 ஆக்குங்கள், 0.212-க்கு இறங்கி அசிட்டேட், ஃபார்மேட், எத்தனால் வெளியே வரும்.

வளர்ச்சி எண் ஒன்றுதான், ஆனால் அதே எண்ணுக்குப் பல ஃப்ளக்ஸ் வழிகள் இருக்கலாம். தனி வினையின் மதிப்பை நம்புவதற்கு முன் ஃப்ளக்ஸ் மாறுபாட்டுப் பகுப்பாய்வையும் (அதே வளர்ச்சியில் ஒவ்வொரு ஃப்ளக்ஸும் எவ்வளவு மாறலாம் என்று பார்ப்பது) ஓட்டிவிடுங்கள்.