தேயிலை, இறப்பர், தென்னை: நிலப்பங்கை வருடவாரியாகக் கணக்கிடும் விதம்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். ஒரு நாட்டின் நிலத்தில் நிரந்தரப் பயிர்களின் பங்கு எப்படி மாறி வந்தது என்று வரைபு கீறச் சொன்னால், பிள்ளைகள் நேரே எக்செலைத் திறக்கிறார்கள். எந்தக் காணியை எண்ணுவது என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

ஒருமுறை நட்டால் பல வருடம் நின்று பலன் தருவது நிரந்தரப் பயிர். தேயிலை, இறப்பர், தென்னை, கறுவா, மிளகு, மா எல்லாம் சேரும். போகத்துக்குப் போகம் விதைக்கும் நெல் சேராது. பலகைக்கும் விறகுக்கும் வளர்க்கும் மரங்களும் சேரா. தேயிலையைப் பிடுங்கி யூகலிப்டஸ் வைத்தால், மலை பச்சையாகத்தான் தெரியும், ஆனால் கணக்கில் அந்தக் காணி இல்லை.

அடுத்தது எதனால் வகுப்பது என்பது. இலங்கையின் மொத்தப் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். குளம், ஆறு கழித்த நிலப்பரப்பு 62,705. நிரந்தரப் பயிர் 10 இலட்சம் ஹெக்டேயர், அதாவது 10,000 சதுர கிலோமீட்டர், என்று வைத்துக்கொண்டால், முதலாவதால் வகுக்க 15.2 வீதம் வரும், இரண்டாவதால் 15.9. உலக வங்கி நிலப்பரப்பால்தான் வகுக்கிறது. நீங்களும் அதையே எடுத்து, கடைசி வருடம் வரை மாற்றாதீர்கள்.

பழைய விவசாயத் தொகைமதிப்பு அறிக்கைகளைப் பார்ப்பவர்கள் அலகில் கவனமாக இருங்கள். அவை ஏக்கரில் இருக்கும். 2.47ஆல் வகுத்தால் ஹெக்டேயர். இதை மறந்தால் இல்லாத வீழ்ச்சி ஒன்று வரைபில் விழும்.

ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் தரவு 1961இலிருந்து கிடைக்கிறது. தரவிறக்கும்போது எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து நிற்கும். 'ஏ' என்றால் நாடு கொடுத்த எண், 'ஈ' என்றால் மதிப்பீடு, 'ஐ' என்றால் இடைவெளியை நிரப்பப் போட்டது. அந்த நிரலை அழித்துவிடாதீர்கள். ஒரே எண் பல வருடம் தொடர்ந்தால் அங்கே பாருங்கள்; காணி அசையவில்லையா, யாரும் அளக்கவில்லையா என்று தெரிந்துவிடும்.

சரி, கோடு கீறியாயிற்று. மொத்தக் கோட்டோடு நிறுத்தினால் பாதி வேலைதான். இறப்பர் மரத்தை வெட்டி முள்ளுத்தேங்காய் (எண்ணெய்ப்பனை) நட்டால் வீதம் மாறாது, இரண்டும் நிரந்தரப் பயிர்தானே. ஆனால் நிலத்தடி நீர் குறைகிறது என்று ஊர் மக்கள் எதிர்த்ததும், 2021இல் அரசாங்கம் புதிதாக நடுவதைத் தடை செய்ததும் அந்த மாற்றத்தால்தான். கம்பஹாவில் தென்னங்காணியை பேர்ச் கணக்கில் துண்டுபோட்டு விற்பதும் மொத்தத்தில் மெல்லிய சரிவாகவே தெரியும். ஆகவே பயிருக்கொரு கோடு போடுங்கள், தேயிலைக்கு, இறப்பருக்கு, தென்னைக்கு என்று தனித்தனியாக.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களையும் வரைபில் குறியுங்கள். தோட்டங்கள் அரசின் கைக்குப் போன வருடங்கள் அவை. உரிமை மாறுவதால் மட்டும் இந்த வீதம் மாறாது. அந்த இடத்தில் கோடு சரிந்தால், காணி வேறு பயன்பாட்டுக்குப் போனதா, எண்ணும் முறை மாறியதா என்று தேடிவிட்டு எழுதுங்கள்.