அமேசான் யூ.பி.எஸ்.ஸை விழுங்குமா? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கும் வழி

ஈரோட்டில் பல வருஷம் கூரியர் புக்கிங் ஆபீஸ் நடத்தியவன் நான். அமெரிக்கப் பங்குகளை வாங்கிப் போட்டிருக்கும் என் அக்கா மகன் கேட்கிறான்: "மாமா, அமேசானே வேன் விடறான், யூ.பி.எஸ்., ஃபெடெக்ஸ் மாதிரி பார்சல் கம்பெனிகள் கதை அவ்வளவுதானா?" ஒரே வார்த்தையில் பதில் கிடையாது மாப்ள. எதை எதைப் பார்க்கணும் என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

முதலில் விமானத்தை மறந்துவிடுங்கள். 2016-ல் அமேசான் போயிங் 767-களைக் குத்தகைக்கு எடுத்தபோதும், 2021-ல் சின்சினாட்டி விமான நிலையத்தில் 150 கோடி டாலர் செலவில் ஹப், அதாவது சரக்கு பிரித்து அனுப்பும் மையம், திறந்தபோதும் ஏகப்பட்ட பரபரப்பு. ஆனால் இந்தத் தொழிலில் காசு கரைவது கடைசித் தெருவில். எங்கள் டெலிவரி பையன் பெருந்துறை ரோட்டில் ஒரே அபார்ட்மெண்டில் பத்துக் கவர் இறக்கினால் எனக்கு லாபம். ஒற்றைக் கவரோடு சென்னிமலை வரை போனால் பெட்ரோல் என் கைக்காசு. ஆகவே தெருவுக்கு எத்தனை பார்சல் விழுகிறது என்பதுதான் முதல் கேள்வி. 2003-ல் ஏர்போர்ன் என்ற அமெரிக்கப் பார்சல் கம்பெனியை வாங்கி அங்கே பெரிதாக இறங்கிய ஜெர்மன் கூரியர் கம்பெனி டி.ஹெச்.எல்.லுக்குப் பணத்துக்கோ வேனுக்கோ குறைவில்லை. தெருவில் பார்சல் போதவில்லை. 2008 கடைசியில் அங்கே உள்நாட்டு டெலிவரியை மூடுவதாக அறிவித்தார்கள். அமேசானுக்கு அந்தக் கவலையே இல்லை. சொந்த ஆர்டரிலேயே வேன் நிரம்பிவிடுகிறது.

அடுத்து, எண்ணிக்கை வேறு, காசு வேறு. தபால்துறையை விட்டுவிட்டால், அமெரிக்க வீடுகளுக்குப் பார்சல் சேர்ப்பதில் 2022-லேயே அமேசான் யூ.பி.எஸ்.ஸை முந்திவிட்டது. என் அக்கா மகனைப் பயமுறுத்தியது இந்தச் செய்திதான். ஆனால் 2025 ஜனவரியில் யூ.பி.எஸ்.ஸே, அமேசான் சரக்கை 2026 நடுவுக்குப் பின் பாதிக்கு மேல் குறைத்துவிடுவதாக அறிவித்தது. 2024 வருமானத்தில் 11.8 சதவீதம் கொடுத்த பார்ட்டி அது! எங்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளர், ஆனால் அதிக லாபம் தருபவர் இல்லை என்று தலைமை அதிகாரி கேரல் டோமே விளக்கம் சொன்னார். எனக்கு இது புதுசில்லை. பெரிய பார்ட்டிதான் ரேட்டை அடிப்பான். ஃபெடெக்ஸ் 2019-லேயே அமேசான் சரக்கு வேண்டாம் என்று கையை உதறியது. அமேசானால் வந்த வருமானம் அவர்களுக்கு 1.3 சதவீதம்கூட இல்லை. 2025-ல் பெரிய சைஸ் பார்சலுக்காக மறுபடி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். தொழிலில் கோபம் ரொம்ப நாள் நிற்காது.

வேனை ஓட்டுவது யாருடைய ஆள் என்றும் பாருங்கள். யூ.பி.எஸ். டிரைவர்கள் டீம்ஸ்டர்ஸ் என்ற தொழிற்சங்கத்துக்காரர்கள். அங்கே சங்கத்தில் இருப்பவர்கள் சுமார் 3,40,000 பேர், 2023-ல் நல்ல சம்பள ஒப்பந்தம் வாங்கினார்கள். அமேசான் 2018-ல் தொடங்கிய திட்டத்தில் இருபது, நாற்பது வேன் வைத்திருக்கும் சின்னச் சின்ன காண்ட்ராக்டர்களிடம் ரூட்டைக் கொடுக்கிறது. டிரைவருக்குச் சம்பளம் காண்ட்ராக்டர் பொறுப்பு. அமேசானுக்கும் யூ.பி.எஸ்.ஸுக்கும் உள்ள செலவு வித்தியாசத்துக்கு இது ஒரு பெரிய காரணம். கலிஃபோர்னியா பாம்டேல் டிரைவர்களுக்கு அமேசானும் ஒரு முதலாளிதான் என்று 2024-ல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அதிகாரி முடிவெடுத்தார். அது நிலைத்தால் அந்த வித்தியாசம் சுருங்கலாம். ட்ரோன் செய்தியை விட்டுவிட்டு இந்த வழக்குகள் எங்கே போகின்றன என்று படியுங்கள்.

நான் அதிகம் யோசிப்பது அடுத்தவர் பார்சலைப் பற்றி. அமேசான் தன் பெட்டியைத் தானே சுமந்தால் யூ.பி.எஸ்.ஸுக்கு ஒரு பார்ட்டி போச்சு, அவ்வளவுதான். ஊரார் பெட்டியை எடுக்க அவர்கள் கடை வாசலுக்கே வேன் போனால்தான் நிஜப் போட்டி. அமேசான் அதற்கும் முயன்றது: 2020-ல் நிறுத்திவைத்த 'அமேசான் ஷிப்பிங்' 2023-ல் திரும்பி வந்தது. ஆனால் தனக்குப் போட்டியாக விற்பவன் வண்டியில் சரக்கை ஏற்ற எத்தனை பேருக்கு மனசு வரும்? பார்சல் போகும் பின்கோடைப் பார்த்தாலே யாருக்கு எங்கே வியாபாரம் என்று தெரிந்துவிடும். எங்கள் ஊர் பெட்ஷீட் வியாபாரிகள் பக்கத்துக் கடைக்காரன் டெம்போவில் ஒரு பண்டல்கூட ஏற்ற மாட்டார்கள். ஆஸ்பத்திரி மருந்து, காலையிலேயே கம்பெனிக்குச் சேர வேண்டிய உதிரிபாகம், கஸ்டம்ஸ் தாண்டும் சரக்கு ஆகியவை இன்னும் பெரும்பாலும் பழைய ஆட்களிடம்தான். வீட்டு வாசலை அமேசான் பிடித்துவிட்டது, கம்பெனி வாசலைப் பிடிக்கவில்லை என்பது என் கணிப்பு.

கடைசியாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை யூ.பி.எஸ். அறிக்கையில் அமெரிக்க உள்நாட்டுப் பகுதியைத் திறந்து மூன்று வரி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: தினசரி பார்சல், பார்சலுக்கு வரவு, பார்சலுக்குச் செலவு. முதல் வரி இறங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். அமேசான் சரக்கை அவர்களே குறைக்கிறார்கள். 2025-ல் 73 கட்டடங்களை மூடுவதாகவும் சுமார் 20,000 வேலைகளைக் குறைப்பதாகவும் சொன்னதும் அதற்குத்தான். வரவைவிடச் செலவு வேகமாக ஏறினால் மட்டும், மிச்சமுள்ள கட்டடங்கள் காலியாக ஓடுகின்றன என்று சந்தேகப்படுங்கள். டிசம்பர் காலாண்டைச் செப்டம்பரோடு ஒப்பிடாதீர்கள், அது பண்டிகை லோடு. போன வருஷ டிசம்பரோடு வைத்துப் பாருங்கள்.